கை குலுக்க மறுத்த பெட்டி!

டிசம்பர் மாசம். பாளையங்கோட்டையில் ஒரு ஹாஸ்டல் ரூம். ராத்திரி பதினொன்றரை மணி. வெளியே மழை பிய்த்து உதறுகிறது. நீங்கள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒரு காலிக் கட்டத்தையே முறைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். அந்தக் கட்டத்தின் பெயர், மாஞ்சோலை.

கதை இப்படி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக நீங்களும் உங்கள் ரூம்மேட்டும் சேர்ந்து ஒரு மழைமானி செய்திருக்கிறீர்கள். தண்ணீர் நிறைந்தால் சாய்ந்து கொட்டும் குட்டி வாளி, அது எத்தனை தடவை சாய்ந்தது என்று எண்ண ஒரு ராஸ்பெர்ரி பை போர்டு, சோலார் பேனல், பேட்டரி, ஒரு சிம் கார்டு. எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடைத்து, மாஞ்சோலையில் தெரிந்தவர் வீட்டுக் கூரையில் மாட்டியாகிவிட்டது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது மழையளவை உங்கள் காலேஜ் லேப் சர்வருக்கு அனுப்பும். அதுவும் சும்மா இல்லை, பூட்டுப் போட்ட பாதுகாப்பான கனெக்‌ஷனில்.

நாலு நாளாக வானம் மூடிக்கிடந்ததில் சோலார் படுத்துவிட்டது. பெட்டி தூங்கிவிட்டது. இன்றைக்கு மத்தியானம் கொஞ்சம் வெயில் அடித்ததும் எழுந்திருக்க வேண்டும். சிம் கார்டு நெட்வொர்க்கில் இருக்கிறது என்று மொபைல் கம்பெனி பக்கம் காட்டுகிறது. ஆனால், கட்டம் காலி!

ஒரு கட்டம் காலியாக இருந்தால் என்ன, குடியா முழுகிப்போகும் என்கிறீர்களா? நெல்லைக்காரர்களிடம் அப்படிக் கேட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்றது. நெல்லை ஜங்ஷனுக்குள் தாமிரபரணி வந்தது. அதே நேரத்தில், கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே இருக்கும் மாஞ்சோலையிலும் 50 சென்டிமீட்டரைத் தாண்டிப் பெய்தது. அங்கே பெய்கிற மழை மணிமுத்தாறு அணைக்கு வரும். அணையின் உயரம் 118 அடி. அது நிறைந்தால் தண்ணீர் தாமிரபரணிக்குத்தான் வந்து சேர வேண்டும். பாபநாசம் பக்கத்திலிருந்து வருவது தனிக்கணக்கு. ஆக, மேலே என்ன பெய்கிறது என்பது கீழே இருப்பவர்களின் கவலை.

உங்கள் பெட்டியை நம்பி யாரும் மதகைத் திறக்கப்போவதில்லை, வாஸ்தவம். ஆனாலும், முன்பு மேலே யாருக்காவது போன் போட்டால், ‘இங்க ஊத்துது தம்பி’ என்றாவது சொல்வார்கள். 2024-ல் எஸ்டேட் வேலை நின்று, குடும்பம் குடும்பமாக மலை இறங்க ஆரம்பித்த பிறகு அந்தக் குரல்களும் குறைந்துவிட்டன. கூரை கொடுத்த அந்தத் தெரிந்தவரும் இப்போது அம்பாசமுத்திரத்தில். பெட்டி மட்டும்தான் மேலே இருக்கிறது. அதுவும் பேசமாட்டேன் என்கிறது.

லாக்கில் ஒன்றுமே இல்லையே!

சர்வருக்குள் நுழைகிறீர்கள். அங்கே ஓடுவது அப்பாச்சி. யார் வந்தார், என்ன கேட்டார் என்று எழுதிவைக்கும் ‘ஆக்சஸ் லாக்’கைத் திறக்கிறீர்கள். மாஞ்சோலையிலிருந்து ஒரு வரிகூட இல்லை. ‘சரி, பெட்டி செத்துப்போச்சு’ என்று முடிவு கட்டத்தான் தோன்றும். புதிதாக சர்வர் பக்கம் வருகிற பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். பூட்டுப் போட்ட கனெக்‌ஷனில் டேட்டா போவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரு அறிமுகம் நடக்கும். அதற்கு ‘ஹேண்ட்ஷேக்’ என்று பெயர். பெட்டி முதலில் ‘ஹலோ, எனக்கு இந்த இந்த ரகசிய மொழிகள் தெரியும்’ என்று சொல்லும். சர்வர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கூடவே தன் சான்றிதழை நீட்டும். பெட்டி அதை வாங்கி, பெயர் சரியா, கையெழுத்துப் போட்டவர் நம்பக்கூடியவரா, தேதி செல்லுமா என்று பார்க்கும். எல்லாம் ஓகே என்றால்தான் கை குலுக்கல் முடியும். அதற்குப் பிறகுதான் ‘மழை இவ்வளவு’ என்ற தகவலே கிளம்பும். ஆக்சஸ் லாக் எழுதுவது அந்தத் தகவல் வந்த பிறகு. கை குலுக்கும்போதே தகராறு என்றால் அந்த நோட்டில் ஒரு எழுத்துகூட விழாது. வாசலோடு திரும்பிப்போனவரின் பெயரை யார் மொய் நோட்டில் எழுதுவார்கள்?

அப்படியென்றால் ‘எரர் லாக்’கில் இருக்கணுமே? அங்கேயும் இல்லை! காரணம் உண்டு. அப்பாச்சிக்கு எவ்வளவு பேச வேண்டும் என்று நாம் அளவு வைக்கலாம். எமர்ஜென்சி, அலர்ட், கிரிட்டிக்கல், எரர், வார்ன், நோட்டீஸ், இன்ஃபோ, டீபக் என்று படிக்கட்டு இறங்கும். டீபக்குக்குக் கீழே இன்னும் எட்டு ட்ரேஸ் படிகள். நீங்கள் எதையும் தொடாவிட்டால் அது ‘வார்ன்’ படியிலேயே உட்கார்ந்திருக்கும். அதற்குக் கீழே நடப்பதையெல்லாம் பார்க்கும், ஆனால் எழுதாது. எதிராளி கை குலுக்காமல் போனால் அப்பாச்சி அதை ‘இன்ஃபோ’ படியில்தான் வைக்கிறது. இன்டர்நெட்டில் கண்ட கண்ட புரோகிராமெல்லாம் ராப்பகலாக வந்து கதவைத் தட்டிவிட்டுப் போகும். அத்தனையையும் எழுதினால் லாக் தாங்காது. அதற்காகத்தான் இந்த மவுனம்.

எனவே, நீங்கள் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. கான்ஃபிகரேஷன் ஃபைலை முதலில் ஒரு காப்பி எடுத்துவையுங்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ராத்திரி பதினொன்றரைக்கு மேல் காப்பி எடுக்காமல் சர்வரைத் தொடாதீர்கள். ‘லாக்லெவல் வார்ன்’ என்று இருக்கும் வரியில் ஒரு இடைவெளி விட்டு, எஸ்எஸ்எல், ஒரு முக்காற்புள்ளி, இன்ஃபோ என்று சேருங்கள். மற்ற மாட்யூல்கள் எல்லாம் பழையபடி வாயை மூடிக்கொண்டு இருக்கும், பூட்டு வேலை பார்க்கும் மாட்யூல் மட்டும் பேசும். இந்த வசதி 2012-ல் வந்த 2.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. இன்ஃபோ போதவில்லையா, டீபக் போடுங்கள். ஹேண்ட்ஷேக் எந்தப் படியில் நின்றது என்று ஒவ்வொரு அடியாகப் பார்க்கணுமா, ட்ரேஸ் 3 போடுங்கள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ‘கான்ஃபிக் டெஸ்ட்’ ஓட்டிவிட்டு, ‘கிரேஸ்ஃபுல்’ முறையில் ரீலோட் செய்தால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குத் தொந்தரவு இருக்காது.

உங்கள் சர்வர் என்ஜின்எக்ஸ் என்றால் கதை கிட்டத்தட்ட இதேதான். அதன் எரர் லாக் ‘எரர்’ படியில் நிற்கும், இன்ஃபோவுக்கு இறக்கினால் ஹேண்ட்ஷேக் தோல்விகள் தெரிய ஆரம்பிக்கும். டீபக் வேண்டுமென்றால் அந்த வசதியோடு பில்டு செய்த பதிப்பு தேவை. ஆனால், அதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சங்கதி, ‘டீபக் கனெக்‌ஷன்’. ஒரே ஒரு ஐபி முகவரியைக் கொடுத்தால் அந்த ஆசாமி விஷயத்தில் மட்டும் வளவளவென்று எழுதும். டாம்கேட் மாதிரி ஜாவா ஆட்களுக்கு ‘ஜாவாஎக்ஸ் நெட் டீபக்’ என்று ஒரு சிஸ்டம் ப்ராப்பர்ட்டி இருக்கிறது. அதில் எஸ்எஸ்எல், ஹேண்ட்ஷேக் என்று கேட்டு ஸ்டார்ட் செய்தால் ‘கேட்டலினா அவுட்’ ஃபைலில் ராமாயணமே வந்து விழும்.

42

இன்ஃபோ போட்டு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எரர் லாக்கில் வந்து விழுகிறது ஒரு வரி. ஹேண்ட்ஷேக்கில் லைப்ரரி எரர். அடுத்த வரியில், ‘எஸ்எஸ்எல் வி3 அலர்ட் பேட் சர்டிஃபிகேட், அலர்ட் நம்பர் 42’.

பெட்டி உயிரோடு இருக்கிறது! பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து கதவைத் தட்டுகிறது, சான்றிதழைப் பார்க்கிறது, ‘இது சரியில்லை’ என்று 42-ஐ வீசிவிட்டுத் திரும்பிப்போகிறது. இன்னொரு சைபர் சேர்ந்திருந்தால் நேரடியாகத் திட்டியதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வரியைப் பார்த்ததும் ‘ஐயையோ, எஸ்எஸ்எல் 3 ஓடுதே, அது ஆபத்தாச்சே’ என்று பதறாதீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் பல பதிப்புகள், உள்ளே ஓடுவது புத்தம்புது டிஎல்எஸ் 1.3 ஆக இருந்தாலும், பழைய பழக்கத்தில் அப்படித்தான் பெயர் சொல்லும். அலர்ட் நம்பரை மட்டும் பாருங்கள். 45 என்றால் சான்றிதழ் காலாவதி. 48 என்றால் கையெழுத்துப் போட்டவர் யாரென்றே தெரியவில்லை என்று அர்த்தம், இடையில் இருக்க வேண்டிய ஒரு சான்றிதழைச் சேர்த்துத் தர மறந்திருப்பீர்கள். 70 என்றால் இரண்டு பேருக்கும் பொதுவான பதிப்பு இல்லை.

‘லாக் எதுக்கு, கம்பியில போறதையே வயர்ஷார்க் வைத்துப் பிடித்துவிடலாமே’ என்று நெட்வொர்க் பேப்பர் எழுதிய யாராவது கேட்கலாம். 2018 ஆகஸ்டில் வந்த டிஎல்எஸ் 1.3-க்கு முன்னால் அது நடக்கும். இப்போது சான்றிதழே பூட்டுக்குள்தான் போகிறது, அதை மறுக்கும் அலர்ட்டும் பூட்டுக்குள்தான். நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் புரியாது. என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மலை மேல். இன்னொருவர் உங்கள் சர்வர். அவரைப் பேசவைத்ததால்தான் இந்த 42-ஆவது கிடைத்தது.

‘ஆஃப் பண்ணிருல!’

இந்த இடத்தில் ரூம்மேட் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்கிறார்.

‘‘ஏல, சர்டிஃபிகேட்தான பிரச்னை? காலைல மொத பஸ்ஸப் புடிச்சு மேல போவோம். பைத்தான் கோடுல வெரிஃபைய ஃபால்ஸ்னு மாத்திட்டு வந்துருவோம். ஒரு வரிதானல!’’

உண்மைதான், ஒரே வரி. சான்றிதழைச் சரிபார்க்காதே என்று சொல்லிவிட்டால் பெட்டி யார் எதை நீட்டினாலும் தலையாட்டும். கட்டம் நிறையும். ப்ராஜெக்ட் ரிவ்யூ பாஸ். இப்படி ‘தற்காலிகமாக’ ஆஃப் செய்யப்பட்டு, பிறகு யாரும் ஆன் செய்யாமலே போன புரோகிராம்கள் உலகத்தில் எத்தனையோ.

சான்றிதழ் சரிபார்ப்பு எதற்கு என்று நம் நாட்டிலேயே ஒரு தடவை உறைத்தது. 2014 ஜூலை 2. கூகுளின் பெயரில், கூகுளுக்கே தெரியாமல் சில சான்றிதழ்கள் சுற்றுவதைக் கூகுள் கண்டுபிடித்தது. கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? மத்திய அரசின் தேசிய தகவல் மையம், அதாவது என்ஐசி. அதற்கு அந்த அதிகாரம் வந்தது, இந்தியாவின் சான்றளிப்பு அதிகாரிகள் கட்டுப்பாட்டாளரின் வழியாக. அந்த அமைப்பை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் நம்பிக்கொண்டிருந்ததால், விண்டோஸ் வைத்திருந்த பல புரோகிராம்களுக்கு அந்தப் போலிகளும் அசல்தான். மறுநாள், ஜூலை 3-ல், என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்களைக் கட்டுப்பாட்டாளர் ரத்து செய்தார். என்ஐசியின் சான்றிதழ் வழங்கும் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்பதும், கூகுள், யாகூ பெயர்களில் நாலு போலிகள் போனதும் பிறகு வெளியே வந்தது. விண்டோஸில் இருந்த குரோம் மட்டும், ‘கூகுள் தளத்துக்கு இந்த இந்தச் சாவிதான்’ என்று தனியாகக் குறித்து வைத்திருந்ததால், ஏமாந்திருக்காது. நம்பகமான முத்திரை இருந்தும் கூடுதலாக ஒரு முறை பார்க்கிற பழக்கத்துக்கே அவ்வளவு மரியாதை. நாம் என்னடாவென்றால், இருக்கிற ஒரே பார்வையையும் வேண்டாம் என்று கண்ணை மூடப் பார்க்கிறோம்!

சரி, மழை அளவைப் போய் யார் போலியாக மாற்றப்போகிறார்கள் என்று ரூம்மேட் கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் அந்த 42-க்கு உள்ளேயே இருந்தது.

நாலு நாள் கிழிக்காத காலண்டர்

உங்கள் சர்வரின் சான்றிதழை பிரௌசரில் பார்க்கிறீர்கள். கச்சிதமாக இருக்கிறது. பிறகு எதற்கு ‘பேட்’? தேதிகளைக் கவனியுங்கள். பெட்டியிடமிருந்து கடைசித் தகவல் வந்தது 14-ஆம் தேதி. இன்று 18. சான்றிதழ் வழங்கப்பட்ட தேதி 16. லெட்ஸ் என்க்ரிப்ட் 2015-ல் வந்ததிலிருந்து இலவசமாகக் கொடுக்கும் சான்றிதழுக்கு 90 நாள்தான் ஆயுள் என்பது வழக்கம். முடிவதற்கு ஒரு மாசம் முன்பே சர்வர் தானாகப் புதியதை வாங்கி மாட்டிக்கொள்ளும். பெட்டி தூங்கிக்கொண்டிருந்தபோது அது நடந்திருக்கிறது.

ராஸ்பெர்ரி பை போர்டில், நீங்களாக ஒரு பேட்டரி சேர்க்காவிட்டால், கரன்ட் போன பிறகும் ஓடுகிற கடிகாரம் கிடையாது. கடைசியாகப் பார்த்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும், எழுந்ததும் அங்கிருந்து எண்ண ஆரம்பிக்கும். நெட் வந்ததும் டைம் சர்வரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்த வழி, அதாவது யுடிபி 123-ஆம் போர்ட், அந்த சிம் கனெக்‌ஷனில் அடைபட்டிருந்தால் அதுவும் நடக்காது.

மணிமுத்தாறு வனத்துறை செக்போஸ்டை நினைத்துப் பாருங்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் என்பதால் மேலே போக அனுமதி வேண்டும். அங்கே ஒரு வாட்சர் நாலு நாளாகத் தேதிக் காலண்டரில் தாளே கிழிக்கவில்லை என்று வையுங்கள். சுவரில் 14 தொங்குகிறது. நீங்கள் 16-ஆம் தேதியிட்ட பர்மிட்டை நீட்டுகிறீர்கள். ‘இது இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே தம்பி, போயிட்டு ரெண்டு நாள் கழிச்சு வாங்க’ என்பார். அவர் மேல் தப்பே இல்லை. காலண்டர் மேல்தான் தப்பு.

சந்தேகத்தை ரூமிலேயே தீர்த்துக்கொள்ளலாம். டப்பாவில் கிடக்கும் இன்னொரு போர்டை எடுத்து, டைம் திருத்தும் வேலையை நிறுத்திவிட்டு, தேதியை 14-க்குத் தள்ளி சர்வரைக் கூப்பிடுங்கள். எரர் லாக்கில் அச்சு அசலாக அதே வரி. 42!

இப்போது ரூம்மேட்டின் ஒரு வரி வைத்தியத்துக்குத் திரும்புவோம். வெரிஃபையை ஆஃப் செய்திருந்தால் பெட்டி சந்தோஷமாக டேட்டா அனுப்பியிருக்கும். எந்தத் தேதியோடு? 14-ஆம் தேதியோடு! இன்று ராத்திரி கொட்டுகிற மழை, நாலு நாள் முந்தைய மழையாக உங்கள் டேபிளில் ஏறியிருக்கும். மணிமுத்தாறுக்குத் தண்ணீர் வரும் நேரத்தில் உங்கள் கிராஃப் ‘இன்றைக்கு மழை இல்லை’ என்று சொல்லியிருக்கும். எந்த ஹேக்கரும் வரவேண்டாம், நாமே போலி தயாரித்திருப்போம். கை குலுக்க மறுத்த பெட்டி, தன் கடிகாரம் சரியில்லை என்பதைத்தான் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தக் கூத்து இனிமேல் அடிக்கடி நடக்கும். சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளை 2029 மார்ச்சுக்குள் 47 நாளாகக் குறைப்பது என்று 2025-ல் முடிவாகியிருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் மாறுகிறதோ, அவ்வளவு தூரம் கடிகாரம் தப்பான பெட்டிகள் மாட்டும்.

பஸ் பிடிக்காமலே ஒரு வழி

பழைய சான்றிதழ் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. காலாவதி ஆக இன்னும் நாலு வாரம் பாக்கி. சர்ட்பாட் அதைத் தூக்கிப்போடவில்லை, ‘ஆர்க்கைவ்’ ஃபோல்டரில் அதன் சாவியோடு சேர்த்து வைத்திருக்கிறது. அந்த ஜோடியை எடுத்து சர்வரில் திரும்ப மாட்டி, ரீலோட் செய்யுங்கள். பெட்டியின் 14-ஆம் தேதிக்கும் அது செல்லும், உலகத்தின் 18-ஆம் தேதிக்கும் செல்லும். யாரையும் ஏமாற்றவில்லை, எதையும் ஆஃப் செய்யவும் இல்லை.

லாக்கைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அடுத்த பத்தாவது நிமிஷம் 42 வராது. ஆக்சஸ் லாக்கில் மாஞ்சோலை வரும். பெட்டி சொல்லும் நேரத்தையும் சர்வர் கடிகாரத்தையும் கழித்தால் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். எழுந்ததிலிருந்து சேர்த்துவைத்த அத்தனை வரிகளையும் அந்தக் கணக்கில் நகர்த்தினால் மழை சரியான நாளில் போய் உட்காரும்.

தூங்கப்போகும் முன் இன்னொரு வேலை. லாக்லெவலைப் பழைய ‘வார்ன்’ படிக்கே ஏற்றிவிடுங்கள். டீபக்கை ஆன் செய்துவிட்டு மறந்தால் டிஸ்க் நிறையும், அது சின்ன ஆபத்து. பெரிய ஆபத்து, லாக்கில் என்ன விழுகிறது என்பது. அப்பாச்சியின் ட்ரேஸ் படிகளில் ரொம்பக் கீழே போனால் போய்வரும் பைட்டுகளையே கொட்டும். ஜாவாவில் ‘ஆல்’ என்று கேட்டால் பூட்டுத் திறந்த டேட்டாவே வரும். 2018 மே மாதம் ட்விட்டர் 33 கோடிப் பேரிடம் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? யாரும் திருடியதாகத் தெரியவில்லை. பாஸ்வேர்டுகள் மறைக்கப்படுவதற்கு முன்னாலேயே, அப்படியே, கம்பெனிக்குள் இருந்த ஒரு லாக்கில் போய் விழுந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான். இன்று ராத்திரி சேர்த்த லாக்கை யாருக்காவது மெயிலில் அனுப்புவதாக இருந்தால் ஒரு தடவை வரி வரியாகப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

மணி ஒன்றரை. கட்டத்தில் எண்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. மாஞ்சோலையில் நல்ல மழை. காயின் பேட்டரியோடு வரும் ஒரு குட்டிக் கடிகார மாட்யூலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், அடுத்த தடவை அது தூங்கி எழுந்தாலும் தேதி மறக்காது. ஜங்ஷன் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். பெர்மிஷனுக்கும் எழுதிக்கொடுக்கணும்.

‘‘ஏல, தூங்கிட்டியா?’’ போர்வைக்குள்ளிருந்து குரல். ‘‘மாஞ்சோலைக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்குல?’’